பெய்ட் ஜாலாவுக்கு 231ஆம் எண் பேருந்து

ஜெருசலேம் பழைய நகரின் டமாஸ்கஸ் வாசலருகே அரபுப் பேருந்துகள் கிளம்பும் நிலையம் இருக்கிறது. இஸ்ரேல் ஆக்கிரமிப்பிலுள்ள மேற்குக் கரையில், பெத்லகேமை ஒட்டிய ஊர் பெய்ட் ஜாலா. உறவுகளை இழந்த இரு தரப்பாரும் தங்கள் கதையைச் சொல்லும் சந்திப்பைக் கேட்க அங்கே போகிறவர்கள் 231இல் ஏற வேண்டும். 234 வேறு பாதை. அது பெத்லகேமின் வடக்குச் சோதனைச்சாவடி முன்னால் இறக்கிவிடும், அங்கிருந்து நடந்துதான் கடக்க வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளில் இஸ்ரேலியப் பேருந்துகள் பெரும்பாலும் நின்றுபோகும், இவை ஓடும். பென் குரியன் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் சின்னத் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். திரும்பி வரும் வழியில் கேட்பார்கள், பத்திரம்.

உறவுகளைப் பறிகொடுத்த இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து நடத்தும் 'பெற்றோர் வட்டம்' அமைப்பின் பாலஸ்தீன அலுவலகம் பெய்ட் ஜாலாவில்தான். இஸ்ரேல் அலுவலகம் டெல் அவிவை ஒட்டிய ராமாத் எஃபாலில். ஓர் அமைப்புக்கு எதற்கு இரண்டு அலுவலகம் என்பதை வழியில் தெரியும் சிவப்புப் பலகையே சொல்லிவிடும்: பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழுள்ள 'ஏ' பகுதிக்குள் இஸ்ரேலியக் குடிமக்கள் நுழைவது சட்டவிரோதம். மேற்குக் கரைக்காரர் ஜெருசலேமுக்குப் போகவோ இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்திடம் 'தஸ்ரீஹ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இருவரும் சட்டப்படி ஒரே மேசையில் உட்கார மிஞ்சுவது, மேற்குக் கரையிலேயே இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதியின் விளிம்புகள். பெய்ட் ஜாலா மலைமேல் இருக்கும் தலிதா குமி பள்ளியும் எவரெஸ்ட் ஹோட்டலும் இத்தனை சந்திப்புகளுக்கு இடமானது இதனால்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வருகிறவருக்கு இந்தத் தடை இரண்டுமே கிடையாது. பிள்ளையை இழந்த தாய்க்கு இல்லாத வசதி அது. உள்ளே நுழையுமுன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற இளம் சிப்பாயின் தந்தை இட்ஸாக் ஃப்ராங்கெந்தால், அடுத்த ஆண்டே இந்த அமைப்பைத் தொடங்கினார். இன்று பல நூறு குடும்பங்கள் இதில் உண்டு. புதிய உறுப்பினர் வேண்டாம் என்று விரும்பும் சங்கம் இது ஒன்றுதான் என்று அவர்களே சொல்வார்கள். 1997இல் பென் யெஹுதா வீதி தற்கொலைத் தாக்குதலில் 13 வயது மகளை இழந்த இஸ்ரேலியர் ராமி எல்ஹனானும், 2007இல் இஸ்ரேலிய எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டுக்குப் பத்து வயது மகளைப் பறிகொடுத்த பாலஸ்தீனர் பஸ்ஸாம் அராமினும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே மேடையேறுகிறார்கள்.

சந்திப்பின் முறை எளிது. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். முதலில் ஒருவர் தன் இழப்பைச் சொல்வார், இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. பிறகு மற்றவர். கடைசியில் கேள்விகள். குழுவாக வருவதானால் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அப்போதே சொல்லுங்கள். மொழிபெயர்க்கும்போது நேரம் இரட்டிப்பாகும்.

பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்வி நேரத்தில்தான். யார் பக்கம் அதிகம் செத்தார்கள் என்று கணக்குக் கேட்கிறவர் ஒருவர் போதும், கதை சொன்னவர்கள் இருவரும் ஒரே நொடியில் தத்தம் தரப்பின் வக்கீல்களாகிவிடுவார்கள். 'உங்கள் வீட்டில் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் முகம் திருப்பியது, துரோகி என்று ஊர் பேசியது எல்லாம் வரும். மன்னித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த அமைப்பில் சேர மன்னிப்பு ஒரு நிபந்தனையே அல்ல. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று இரு தரப்பாரும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு இதை வெறும் கண்ணீர்க் கூட்டமாகப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏற்பாடு குலையக் காரணம் அநேகமாக தஸ்ரீஹ்தான். யூதப் பண்டிகை நாட்களில் மேற்குக் கரையையே மூடிவிடுவார்கள். கையில் சீட்டு இருந்தும் பயனில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது, பல சந்திப்புகள் ஜூமுக்குப் போய்விட்டன. ஆகவே நேரில் கேட்டே தீர வேண்டும் என்றால் பயணத்தில் ஒன்றிரண்டு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.

இஸ்ரேலின் நினைவு நாளுக்கு முந்தைய இரவில், ஆயுதத்தைக் கைவிட்ட இரு தரப்பு முன்னாள் போராளிகளின் 'அமைதிக்கான போராளிகள்' அமைப்போடு சேர்ந்து 2006 முதல் கூட்டு அஞ்சலி நடக்கிறது. அன்று இரவு எட்டு மணிக்கு அஞ்சலியாக நாடெங்கும் சைரன் ஒலிக்கும். ஹீப்ரு நாட்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2018இலும் 2019இலும் பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களால் வர முடிந்தது. 2025இல் ரானானா நகரில் இதைத் திரையிட்ட யூதத் தொழுகைக்கூடத்தை வலதுசாரிக் கும்பல் தாக்கியது. திரையிடலுக்குப் போகிறவர்கள், பாதுகாப்பு பற்றி ஏற்பாட்டாளர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

திரும்பும் 231 சுரங்கப்பாதைச் சோதனைச்சாவடியில் நிற்கும். பெரும்பாலும் பாலஸ்தீனர்கள் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டுவார்கள். வெளிநாட்டவரை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டுப் போவார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அன்றே விமானம் பிடிக்கிறவர்கள் கடைசி வண்டியை நம்பாதீர்கள்.