போலந்து: ஆளை அனுப்பிய நாடு ஆளை அழைத்த கதை

1989-க்குப் பிறகு சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய போலந்தில், அரசு ஆலைகள் மூடப்பட்டதன் வலி நீண்ட காலம் தீரவில்லை. 2000-களின் தொடக்கத்தில் வேலையின்மை 20 சதவீதத்தை எட்டியிருந்தது. அந்நிலையில் 2004 மே 1 அன்று நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை உடனே கதவைத் திறக்க, பக்கத்திலிருந்த ஜெர்மனியோ 2011 வரை தன் வேலைச் சந்தையை முழுமையாகத் திறக்கவில்லை. அதனால்தான் இளைஞர்கள் அண்டை நாட்டை விட்டுவிட்டுக் கடல் கடந்து போனார்கள். 2007-க்குள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் இருந்தனர். தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் போலந்தில் பெரும் விவாதமே நடந்தது. அனுப்பப்பட்ட பணத்தை மட்டும் கணக்கிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

போனவர்களின் இடத்தை உக்ரைனியர் நிரப்பினர். வேலை தருவதாக முதலாளி தரும் ஓர் எளிய உறுதிமொழியை உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் போதும், பன்னிரண்டு மாதங்களில் ஆறு மாதம் வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு, தோட்டங்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் ஆட்களைக் கொண்டுவந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கென வந்தவர், மொழி கற்பதற்கோ பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கோ அந்த ஏற்பாட்டில் வழி ஏதும் இருக்கவில்லை. 2022-இல் போருக்குத் தப்பிப் பெண்களும் குழந்தைகளும் இலட்சக்கணக்கில் வந்தபோதுதான், வகுப்பறையும் மருத்துவமும் கொள்கையின் மையத்துக்கு வந்தன. உழைப்பை மட்டும் வரவழைத்துவிட்டு மனிதரை மறந்திருப்பது எந்த நாட்டுக்கும் நெடுநாள் இயலாது என்றே நான் கருதுகிறேன்.