ஆடு விட்டுவைத்த பூக்கள்

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரை பார்க்கப் போவார்கள், பெருக்கமரம் (பாவோபாப்) பார்க்கப் போவார்கள், ஒல்லாந்தர் கோட்டையில் நின்று படம் எடுப்பார்கள். நான் போனது பூப் பார்க்க. இதை ஓட்டோக்காரத் தம்பியிடம் சொன்னபோது, "பூவோ? அண்ணை, இஞ்சை நாகதாளியும் எருக்கலையும்தான் கிடக்கு" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது பின்னேரம்தான் விளங்கியது.

மாசி மாதம். விடிய யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம். பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்குப் பக்கத்தில் சீமெந்துப் பையும் முன்னால் கோழிக்கூடும். கடல் அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இறங்கியதும் முதலில் தீவின் தெற்குப் பக்கம் போனோம். அங்கே 1,846 ஹெக்டேயர் நிலம் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கட்டைக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்வது இந்தப் பக்கத்தில்தான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, வெள்ளைக்காரர் கைவிட்டுப் போன குதிரைகளின் பரம்பரை என்று எல்லோரும் சொல்லும் கதையையே தம்பியும் சொன்னார். மாரி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. புல் பச்சையாக இருந்தது, குதிரைகளும் கொழுத்திருந்தன. கோடையில் இதே குதிரைகள் தண்ணிக்குத் தவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி வேறாகத்தான் தெரியும்.

ஒரு குதிரை மேய்வதைக் கிட்ட இருந்து பார்த்தேன். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. அதனால் புல்லை மண்ணோடு ஒட்ட நறுக்கிவிடும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் தின்னும், ஆகவே புல் கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் அதற்குத் தோது. ஆடு வேறு சாதி. உதட்டால் தெரிந்தெடுக்கும். முள்ளுக்கு நடுவே கிடக்கும் இலையை மட்டும் உருவும், பின்னங்காலில் எழும்பி நின்று கொப்பும் கடிக்கும். மூன்றும் ஒரே வெளியில் மேய்ந்தால் என்ன மிஞ்சும்? அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

வெட்ட வெளியில் மிஞ்சியது நெருஞ்சி. நிலத்தோடு படர்ந்து கிடப்பதால் பல்லுக்கு அவ்வளவாக எட்டாது, எட்டினாலும் காய் முள். என் செருப்பின் அடியே அதற்குச் சாட்சி. மஞ்சள் பூக்களில் சின்னச் சின்னத் தேனீக்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அப்புறம் வெட்டுக்காயப் பூண்டு. அதுவும் தாழப் படர்ந்து பூக்காம்பை மட்டும் நீட்டுகிற செடி. இவை இரண்டையும் விட்டால் வெளியில் பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வெளியிலேயே ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் செடி முழங்கால் உயரம் நின்றது. காவிளாய் ஊதாவும் சிவப்பும் கலந்து பூத்திருந்தது. தும்பையில் நீலச் சிறு வண்ணத்துப்பூச்சிகள். ஏன் இங்கே மட்டும் என்று குனிந்து பார்த்தால், எல்லாம் குதிரை இலத்தி. குதிரை தான் இலத்தி போட்ட இடத்தில் மேயாது. ஒரு பக்கம் புல்லை மொட்டையடிக்கும், இன்னொரு பக்கத்தைக் கழிப்பிடமாக வைத்துக்கொண்டு வாயே வைக்காது. உலர்ந்த இலத்தி உருண்டை ஒன்றைத் தடியால் பிளந்தேன். உள்ளே இரண்டு முளைகள், நூல் தடிப்பில். குதிரை அசைபோடுகிற பிராணி இல்லை. அதன் வயிற்றைத் தாண்டி நிறைய விதை பழுதில்லாமல் வெளியே வந்துவிடும். தோட்டக்காரனும் அதுதான், கள்ளனும் அதுதான்.

மதியம் ஒரு கல்வேலியோரம் ஒதுங்கினோம். நெடுந்தீவு வேலிகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: சாந்து, சீமெந்து எதுவும் இல்லாமல் பவளக் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மதில். யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் நட்டு வேலி கட்டுவோம். இங்கே மண்ணைக் கிண்டினாலே கல்தான் வரும் என்பதால் கல்லே வேலி. சேகரித்த பூக்களைக் குறிப்புப் புத்தகத்தில் பரத்தி, வேலி மேல் வைத்துவிட்டுச் சோற்றுப் பொதியைப் பிரித்தேன். திரும்பினால் ஒரு மறி ஆடு வேலியில் முன்னங்கால் வைத்து நின்றது. காவிளாய் முழுவதும் போயிற்று. நெருஞ்சியில் பாதி போயிற்று. தும்பையைக் கடித்துப் பார்த்துத் துப்பியிருந்தது. எருக்கலைப் பூவை மூக்கால் தள்ளிக் கீழே போட்டிருந்தது. காலையிலிருந்து நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை அந்த ஆடு ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டது.

சத்தம் கேட்டு வளவுக்குள்ளிருந்து ஒரு ஆச்சி கொக்கத்தடியோடு வந்தார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. போன கிழமைதான் அவிட்டு விட்டது. கட்டிக் கிடந்த ஆவேசம்."

"ஏன் ஆச்சி, மாரிக்குக் கட்டியா வைக்கிறனீங்கள்?"

"பயிர் நிக்கேக்கை விடேலுமே? பக்கத்து வளவுக்காரர் விடுவினமோ? இப்பதான் எல்லாம் வெட்டி முடிஞ்சுது. இனிக் கோடை முழுக்க அதுகள் தன்பாட்டுக்குத் திரியுங்கள்."

பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்கள் பூப் பாக்க வாறதெண்டால் போன கிழமை வந்திருக்க வேணும். உந்த வெளியெல்லாம் காவிளாய்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஆச்சி சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. மாரியில் பயிரைக் காக்கத்தான் ஆடுமாட்டைக் கட்டினார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் காட்டுப் பூண்டுகளும் பூத்து, தேனீ வந்து, விதை கொட்டிவிடும். யாரும் தேனீயை நினைத்துச் செய்த காரியம் இல்லை. ஆள் இல்லாத வளவுகளில் பயிரும் இல்லை, கட்ட வேண்டிய தேவையும் இல்லை. கட்டாக்காலிகளுக்கு வருடம் முழுவதும் விருந்து. எத்தனை ஆடு மேய்கிறது என்பதைவிட எந்த மாதத்தில் மேய்கிறது என்பதுதான் பூவுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஆச்சி தன் வளவுக்குள் வந்து பார்க்கச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஊர். காவிளாய் இடுப்பளவு. கிளாப் பற்றைக்குள்ளே முசுட்டைக் கொடி ஏறியிருந்தது. முசுட்டை வெள்ளையாக இரவில் பூப்பது, அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. வெளியில் நின்றால் அந்தக் கொடியை ஆடு ஒரு கிழமைகூட விட்டுவைக்காது. வேலிக்கு வெளியே அரை மணித்தியாலம், உள்ளே அரை மணித்தியாலம் இருந்து பூவுக்கு வந்த பூச்சிகளை எண்ணினேன். வெளியே வந்த வகைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கின. உள்ளே பத்து வகைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன், வெயில் அப்படி.

அதற்காக மேய்ச்சலே கூடாது என்று சொல்ல வரவில்லை. வளவின் மூலையில் ஆடும் வராத, ஆளும் புல் செருக்காத ஒரு துண்டு இருந்தது. அங்கே புல் மார்பளவு வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது, பூவே இல்லை. அளவாக மேய்ந்தால் சிறு பூண்டுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். உலகத்துத் தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு வைப்பவை. அவற்றில் பலவற்றுக்குக் கொஞ்சம் வெறும் தரை வேண்டும், அதை மேயும் பிராணிகள் திறந்து கொடுக்கின்றன. அளவு மீறினால் அதே குளம்பு கூட்டை மிதித்து இறுக்கிவிடும். வட அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மான் பெருகிய இடங்களில் டிரில்லியம் போன்ற பூக்கள் குறைந்து, மான் தொடாத பன்னமும் (பெர்ண் செடி) புல்லும் காட்டின் தரையைப் பிடித்துக்கொண்ட கதையும் இதே சங்கதிதான். அங்கே பன்னம், இங்கே எருக்கலை.

எருக்கலையில் யாருக்கு லாபம் என்று கேட்டால், கருவண்டுக்கு. கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய எருக்கலைப் பற்றையில் அரை டசின் கருவண்டுகள் ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றன. எருக்கலம்பூவை நாங்கள் பிள்ளையாருக்கு மாலை கட்டியிருக்கிறோமே தவிர உற்றுப் பார்த்ததில்லை. நடுவில் கிரீடம் மாதிரி ஐந்து மூலை, மூலைகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு. மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சிறு பொட்டலங்களாகக் கட்டி ஒரு கவ்வியில் கோத்திருக்கும். வண்டு தேன் குடிக்கக் கால் ஊன்றும்போது கால் வெடிப்புக்குள் வழுக்கும், இழுத்தெடுக்கும்போது பொட்டலமும் கூட வரும். அந்தக் கவ்வியை இழுத்துக்கொண்டு பறக்கப் பலமான வண்டு வேண்டும். நெருஞ்சிக்கு வரும் சின்னத் தேனீக்களால் ஆகாது. ஆடு காவிளாயைத் தின்று எருக்கலையை விட்டால், மற்ற வண்டுகளுக்குப் பட்டினி, கருவண்டுக்குக் கொண்டாட்டம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருவண்டு எனக்குப் பிடித்த பிராணி.

கடைசியாகத் தம்பிக்காகப் பெருக்கமரம். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். உள்ளே ஆள் நின்று படம் எடுக்கும் அளவுக்குப் பொந்து. பெருக்கமரத்தின் பூ இரவில் விரியும், ஆபிரிக்காவில் அதை நாடி வருவது பழந்தின்னி வௌவால். அதே ஆபிரிக்காவில் ஆடுமாடு இளங்கன்றுகளைத் தின்றுவிடுவதால் பல இடங்களில் கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கின்றன. மரத்தைச் சுற்றிக் கன்று தேடினேன். கிடைக்கவில்லை. இரண்டு ஆடு மட்டும் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

பின்னேரப் படகில் சனம் அதிகம். கடைசி வாங்கில் ஒருவர் இரண்டு கிடாயைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தார். அவற்றின் முன்னால் ஒரு பிடி பூவரசங்குழை. இலையைத் தின்று முடித்த பிறகு, கொப்பில் இருந்த ஒரே மஞ்சள் பூவையும் ஒன்று மெதுவாக வாய்க்குள் இழுத்துக்கொண்டது. "பூவையும் தின்னுமோ?" என்று கேட்டேன்.

"அது விடாத சாமானே இல்லை, அண்ணை" என்றார் அவர்.

எருக்கலையை விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். படகு எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.