டேங்க்கில் செங்கல் போட்டால் ஷவரில் வேகம் வருமா?

காட்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனுக்குப் பங்குனி பிறந்துவிட்டால் தண்ணீர்க் கேள்விகள்தான். மோட்டார் ஏன் காற்று இழுக்கிறது, டேங்க் ஏன் வழிகிறது, இப்படி. இப்போது புதிதாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. விருதம்பட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: "டேங்க்குல நாலு செங்கல்லு போட்டா ஷவர்ல தண்ணி வேகமா வருமாமேண்ணா?" யாரோ மேஸ்திரி சொன்னாராம்.

சிரித்து ஒதுக்குகிற கேள்வி இல்லை இது. தண்ணீருக்குள் ஒரு பொருள் மூழ்கினால், அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறும். மட்டம் ஏறினால் அடியில் அழுத்தமும் ஏறும். அதுவரை மேஸ்திரி சொன்னது சரி. ஆனால் எவ்வளவு? ஒன்பது அங்குலச் செங்கல் ஒன்று சுமார் இரண்டு லிட்டர் இடம் பிடிக்கும். நாலுக்கு எட்டு லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க்கின் அகலத்துக்கு அது பரவினால் மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிராம். அதை வைத்து எந்த ஷவரும் சீறாது.

வாடிக்கையாளர் விடவில்லை. "செங்கல்லு வெயிட்டு எங்க போவும்? அதுவும் சேர்ந்து தண்ணிய அழுத்துமில்ல?"

இது நல்ல கேள்வி. பதில் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஆணி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசை இழுத்தேன். இருபது சென்டிமீட்டர் அகலத்தில் நேர்ச்சுவரோடு ஒரு எவர்சில்வர் டப்பா. முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி வைத்து, தராசைப் பூஜ்யமாக்கினேன். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு மூலையில் கிடந்த பழைய ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லைத் தூக்குக்குண்டு நூலில் கட்டி, கையில் பிடித்தபடியே உள்ளே இறக்கினேன். கல் முழுக்க மூழ்கியதும் தராசு காட்டியது சுமார் 140 கிராம். இன்னும் ஆழத்துக்கு விட்டாலும் அதே 140. மீதி 860 கிராமை நூல் சுமக்கிறது, அதாவது என் விரல். டப்பாவில் மட்டம் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தை டப்பாவின் அடிப்பரப்பால் பெருக்கிப் பார்த்தால் அதே 140 கிராம் தண்ணீர் வரும். தண்ணீர் அடியைக் கூடுதலாக அழுத்துவது அவ்வளவுதான்.

அப்புறம் கல்லை அடியில் உட்காரவைத்து நூலைத் தளர்த்தினேன். தராசு ஒரே தாவலில் ஒரு கிலோவுக்குப் போனது. "பாத்தியாண்ணா!" என்றார். "தண்ணிய பாருங்க" என்றேன். மட்டம் இம்மியும் நகரவில்லை. புதிதாக வந்த 860 கிராமைக் கல் நேராக டப்பாவின் அடித்தகட்டில் வைத்திருக்கிறது. தண்ணீருக்கு அதில் பங்கு இல்லை. டப்பாவில் ஒரு குழாய் வைத்திருந்தால், கல் தொங்குகிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று அந்தக் குழாய்க்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது தலைக்கு மேல் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும்தான். ஆழம்தான் கணக்கு, பாத்திரத்தின் வடிவம் இல்லை என்று சைமன் ஸ்டீவின் என்ற கணித அறிஞர் 1586-லேயே எழுதிவைத்துவிட்டார்.

மொட்டை மாடி டேங்க்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பந்து மிதக்கும் பால் வால்வு இருக்கிறது. செங்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே மட்டத்தில் தண்ணீரை நிறுத்திவிடும். டேங்க் நிரம்பியபோது அழுத்தம் துளியும் கூடாது, எட்டு லிட்டர் தண்ணீர்தான் குறையும். அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று கேலிப் பேச்சு வாங்கிய ஊர் எங்கள் வேலூர். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிவிட்டுத் திரும்ப மணலாகிவிட்டது. இங்கே எட்டு லிட்டரைச் செங்கல்லுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. செங்கல் ஊறி உதிர்ந்தால் அந்தத் தூள் குழாயில் போய் அடைக்கும், அது தனிச் செலவு.

வேகம் வேண்டுமென்றால் உயரம்தான் வழி. அவர் வீட்டில் ஷவருக்கும் டேங்க் அடிக்கும் நடுவே நாலடிகூட இல்லை. டேங்க்கை ஐந்தடி ஸ்டாண்டில் ஏற்றினால் ஒன்றரை மீட்டர் கூடும். நாலு செங்கல் தருவதைப் போல நூற்றைம்பது மடங்கு.

அதற்கும் முன்னால் ஷவர் தலையைக் கழற்றிக்கொண்டுவரச் சொன்னேன். சாயங்காலம் கொண்டுவந்தார். போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்து பாதி ஓட்டை அடைபட்டிருந்தது. ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிப் பாருங்கள், ஸ்டாண்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அனுப்பினேன்.