பஸ் டிக்கெட்டும் ஆராய்ச்சிதான்

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டத்துப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் கிளினிக்கல் ட்ரையல், அதாவது ஒரு சிகிச்சையை நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கிற ஆய்வு, அதற்குக் கோஆர்டினேட்டர். அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ஃபைல் வேலை, போன் வேலை, ஃபிரிட்ஜ் வேலை என்பேன். ஃபிரிட்ஜ் என்றது கிண்டல் இல்லை. ஆய்வு மருந்துகள் பலவும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். சூடு ஏறிவிட்டால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று ஆய்வுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஸ்பான்சரிடமிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"எங்கம்மாவ எலி மாதிரி வெச்சுப் பாக்குறீங்களா?" ட்ரையலில் சேரச் சொன்னதும் நோயாளியின் மகன்கள் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக இதுதான். நியாயமான கேள்வி, எனக்குக் கோபம் வராது. புது மருந்துப் பிரிவா, வழக்கமான சிகிச்சைப் பிரிவா, எதில் விழுவார் என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும், புது மருந்து வராதவருக்கும் வழக்கமான சிகிச்சை நிற்காது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சொல்வேன். சரி என்று அவரே பேனாவை எடுப்பார். "தம்பி, அம்மாதான் போடணும்." அங்கேதான் சிக்கல். பல வீடுகளில் அம்மாவிடம் "வயித்துல கட்டி" என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். கான்சென்ட் தாளிலோ, அதாவது ஒப்புதல் தாளிலோ, நோயின் பெயர் அச்சடித்து இருக்கிறது. சொல்லாமல் கையெழுத்து வாங்க முடியாது. மகன் வெளியே போய் நின்றுகொள்வார். பெரும்பாலான அம்மாக்கள், "எனக்கு எப்பவோ தெரியும்மா" என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைப்பார்கள். கைநாட்டு என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ட்ரையல் என்றாலே கம்பெனி, கோடிக்கணக்கில் பணம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்த ஆய்வு அப்படிப்பட்டதல்ல. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிற லிடோகெய்ன் ஊசியை, மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மும்பை டாடா மெமோரியலும் இன்னும் பத்து மையங்களும் சேர்ந்து, ஏறக்குறைய 1,600 பெண்களிடம். 2023இல் முடிவு வெளியானது: ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாத பிரிவில் 86.4 சதவீதம், போட்ட பிரிவில் 90.1. நூறு ரூபாய்கூட ஆகாத ஊசி. இதில் எந்தக் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது? மருத்துவமனைகள் கை கோத்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வு நடக்கும்.

நம் பக்கத்திலும் உண்டு. 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் அம்பிளிக்கை மருத்துவமனையும் சேர்ந்திருந்தன. பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் காத்திருக்காமல் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பயிற்சி பெற்ற நர்சுகள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஏழாண்டில், இப்படிப் பார்க்காத பிரிவைவிட, பார்த்த பிரிவில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு.

நாங்களும் இப்போது அந்த வழியில்தான் யோசிக்கிறோம். கமுதிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. பஸ் காசை ஆய்வுக் கணக்கில் கொடுத்துவிடலாம், கூலியை யார் கொடுப்பது? ஒரு விசிட் தவறினால் ஃபைலில் ஓட்டை. அதனால் அவரவர் ஊர்ப் பக்கத்து லேபிலேயே ரத்தம் எடுக்கலாமா, நடுவில் வரும் விசாரிப்பைப் போனில் முடிக்கலாமா என்று ப்ரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதும்போதே மல்லுக்கு நிற்கிறேன். ஆய்வில் சேருபவர்களின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதவே வாரக்கணக்கில் ஆகிறது.

உங்கள் வீட்டில் யாரையாவது ட்ரையலுக்குக் கேட்டால், இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கான்சென்ட் தாளில் ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டியது. ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டால், அந்தத் தாளிலேயே எத்திக்ஸ் கமிட்டியின் போன் எண் இருக்கும், கூப்பிட்டு விசாரியுங்கள்.