பவளத்துக்கு எக்ஸ்ரே

நேத்து கோபியில மரமில்லுல தேக்கு அறுக்கறப்ப சும்மா நின்னு வருச வளையத்த எண்ணிட்டு இருந்தேனுங்க, அந்நேரம் தூத்துக்குடியில கடல் படிப்பு படிக்கிற தங்கச்சி மவ போன் பண்ணுனா, விசயத்தச் சொன்னதும் "மாமா, பவளத்துலயும் இப்படித்தானுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டா. உருண்டையா வளர்ற பவளம் வருசத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளருமாம், அதுல உருளையா துளை போட்டு எடுத்து பலகையா சீவி எக்ஸ்ரே புடிச்சா கருப்பும் வெளுப்புமா வருசப் பட்டை தெரியுமாம்.

அந்தந்த வருசம் கடலுக்கு வந்த சத்து எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க, ஒவ்வொரு பட்டையிலயும் பொடி சுரண்டி, பவளத்தோட சுண்ணாம்புக்குள்ள மாட்டிக்கிட்ட நைட்ரஜன்ல எடை கூடுன நைட்ரஜன்-15 எத்தன இருக்குன்னு பாக்கறாங்க. சாக்கடை, சாணிச் சத்துன்னா அது ஏறும், யூரியா காத்துல இருக்கற நைட்ரஜன்ல இருந்து பண்றதுனால காத்து அளவ ஒட்டியே கெடக்குமாம். கடல்லயும் அது தானா மாறுமாம், ஒத்த நம்பர வெச்சு யார் மேலயும் பழி போட முடியாதுன்னும் சொன்னா, வெவரமான புள்ள.

எனக்கு மஞ்சளுக்குப் போட்ட மூணு மூட்டை யூரியா ஞாபகம் வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரியே மழ கொட்டி பாதி வாய்க்கால்ல போச்சுங்க. பில்லு இன்னும் சட்டைப் பையிலதான் கெடக்குது.