கத்திரி வெயிலில் 252 மெகாஹெர்ட்ஸ்

எங்கள் அபார்ட்மெண்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய மானிட்டர் மாட்டியிருக்கிறது. மூன்றாவது மாடிக்காரர் காயலான் கடைக்குப் போட வைத்திருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொட்டைமாடி டேங்கில் எவ்வளவு தண்ணீர், சம்ப்பில் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரியும். பெரம்பூரில் எட்டு வீடு உள்ள கட்டடம் எங்களுடையது. சென்னையில் 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு திரை எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

பொங்கல் லீவில் செய்தேன். மூளை ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, ரிச்சி தெருவில் வாங்கியது. அதிலுள்ள ஆர்பி2040 சிப் 2021 ஜனவரியில் வந்தபோது டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) போட்டிருந்த உச்ச வேகம் 133 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 13.3 கோடி துடிப்பு. நான் ஓட்டியது 252.

ஏன் 252? வீம்புக்கு இல்லை. மானிட்டருக்கு 640க்கு 480 படத்தை நொடிக்கு 60 முறை டிவிஐ என்ற டிஜிட்டல் முறையில் அனுப்ப வேண்டுமானால், ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிப் புள்ளிகளையும் சேர்த்து நொடிக்கு சுமார் இரண்டரைக் கோடி புள்ளிகள் போகவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு புள்ளிக்குப் பத்து பிட். ஆக, ஒரு கம்பியில் நொடிக்கு 25.2 கோடி பிட். சிப் ஒரு துடிப்புக்கு ஒரு பிட் தள்ளும் என்பதால், துடிப்பும் அதே எண்ணிக்கையில் இருக்கவேண்டும். பிக்கோவில் துடிப்பைத் தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 126ஆல் பெருக்கினால் 1512. அதை ஆறால் வகுத்தால் 252. கணக்கு இவ்வளவு அழகாக வந்து உட்காரும்போது யாருக்குத்தான் கை நமநமக்காது? நிரலில் ஒரே ஒரு வரி. படம் வந்துவிட்டது. அதே சிப்பிலேயே மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேயையும் இணைத்தேன். தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு கோர் இருக்கிறதே, ஒன்று படம் காட்டட்டும், இன்னொன்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். தப்பு அங்கேதான்.

மே மாதம், கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "சார், தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு. டிவில அறுபத்திரெண்டுன்னுதான் காட்டுது." நான் அப்போது கிண்டியில் ஆபீசில். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். டேங்க் நிரம்பி வழிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவும் மே மாதத்தில். படம் காட்டும் கோர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் பார்க்கவேண்டிய கோர் உறைந்து நின்றுவிட்டது. ஆன் ஆன ரிலே ஆனபடியே இருந்தது. திரை மட்டும் கடைசியாகத் தெரிந்த 62 சதவீதத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் மாடி மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஜனவரியில் ஓடியது மேயில் ஏன் நின்றது என்று அன்று ராத்திரி உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தபோதே பாதி புரிந்துவிட்டது. மேற்குப் பார்த்த சுவர், தகரப் பெட்டி, உள்ளே ரிலேயும் அடாப்டரும் பிக்கோவும் நெருக்கியடித்துக்கொண்டு.

டேட்டாஷீட்டில் ஒரு வேகம் போட்டிருந்தால், அதற்குமேல் ஓடாது என்று அர்த்தமில்லை. அந்தத் தொகுப்பிலேயே சோம்பேறியான சிப், அனுமதித்ததிலேயே குறைந்த மின்னழுத்தம், அனுமதித்ததிலேயே மோசமான சூடு, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தாலும் இந்த வேகத்துக்கு நாங்கள் பொறுப்பு என்கிற வாக்கு அது. சிப்புக்குள் ஒரு கணக்கு பல கதவுகளைத் தாண்டி அடுத்த துடிப்புக்குள் வந்து சேரவேண்டும். மின்னழுத்தம் கூடினால் அது வேகமாக வரும், சூடு ஏறினால் பெரும்பாலும் தாமதமாக வரும். துடிப்பு முந்திக்கொண்டால், வராத விடையை வந்ததாக எடுத்துக்கொண்டு சிப் மேலே போய்விடும். தைக் குளிரில் நான் அனுபவித்த உபரியெல்லாம் வெயிலுக்கென்று ஒதுக்கி வைத்த பங்கு. சித்திரை வந்து அதைத் திருப்பிக் கேட்டது.

இதே சிப்புக்கு 2025இல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை அதிகாரபூர்வமாகவே அனுமதி கொடுத்துவிட்டார்கள். சிலிக்கான் மாறவில்லை. உள் மின்னழுத்தத்தை வழக்கமான 1.1 வோல்ட்டிலிருந்து 1.15க்கு ஏற்றவேண்டும், அவ்வளவுதான். என் லட்சணம் தெரிந்ததா? 252இல் ஓட்டிக்கொண்டு 1.1 வோல்ட்டை ஏற்றவே இல்லை. ஜனவரியில் அது இல்லாமலே ஓடியதால் மறந்தே போனேன்.

மனைவியின் ஹேர் டிரையரைக் கடன் வாங்கினேன். ஒரே டேட்டாவுக்குத் திரும்பத் திரும்ப செக்சம் (சரிபார்ப்புக் கூட்டல்) போட்டு, விடை மாறினால் எண்ணிக்கொள்ளும்படி ஒரு சின்ன நிரல். சிப்புக்குள்ளேயே இருக்கும் வெப்ப சென்சாரைப் பக்கத்திலேயே அச்சிடச் சொன்னேன் (அது பெரிய துல்லியமெல்லாம் இல்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கப் போதும்). 1.1 வோல்ட்டில் சூடு ஏற ஏற முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பிழை, கொஞ்சம் கழித்து இரண்டு, அதன்பின் ஒரேயடியாக உறைந்தது. அந்த முதல் பிழைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உறைந்தால், சிப்பை மீண்டும் தொடங்க வைக்கும் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் எழுப்பிவிடும். தப்பான விடையோடு தெம்பாக ஓடிக்கொண்டிருப்பதை எது எழுப்பும்? 1.2 வோல்ட் கொடுத்துவிட்டு, கை பொறுக்காத அளவு டிரையரைக் காட்டினேன். ஒரு பிழைகூட வரவில்லை.

இந்த ருசி எனக்கு முன்பே உண்டு. பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் சோதித்துப் பார்க்கும் பலகை) வைத்த ஏடிமெகா328பி என்ற சிப்புக்கு, அதன் வரம்பு 20 என்று தெரிந்தே 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மாட்டினேன். பறக்கும் என்று பார்த்தால் எல்இடி முன்னைவிட மெதுவாக மினுக்கியது. அந்த கிரிஸ்டல் மூன்றாம் ஓவர்டோன் வகை. அதற்கான சர்க்யூட் இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கில்தான் துடிக்கும். 27 என்று எழுதியிருந்ததை வாங்கிக்கொண்டு வந்து 9இல் ஓட்டியிருக்கிறேன். இன்னொன்று, அதே சிப்பை 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு 3.3 வோல்ட்டில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அந்த மின்னழுத்தத்தில் டேட்டாஷீட் தருவது சுமார் 13 தான். வரம்பு மீறி ஓட்டும் ஓவர்க்ளாக்கா, எனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்பவர்கள் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிக்கோவை 300க்கும் ஏற்றிப் பார்த்தேன், எழவே இல்லை. கோரைத் திட்டினேன், குற்றவாளி பக்கத்திலிருந்த ஃப்ளாஷ் மெமரி. நிரல் அதிலிருந்துதான் ஓடுகிறது. அதன் துடிப்பு சிப்பின் வேகத்தில் பாதி. 252இல் அது 126, அதன் வரம்பான 133க்குள். 300இல் 150. பாதியைக் கால்வாசி ஆக்கியதும் எழுந்துவிட்டது. ஆனால் தண்ணீர் அளவைக் காட்ட 300 எதற்கு? 252க்கே திரும்பிவிட்டேன்.

மோட்டாரை மட்டும் அதிலிருந்து பிடுங்கிவிட்டேன். இப்போது அதற்குத் தனியாக ஒரு ஆர்டுவினோ ஊனோ போர்டு, 5 வோல்ட்டில், 16 மெகாஹெர்ட்ஸில், வரம்புக்குள் சாதுவாக. அதையும் முழுசாக நம்பாமல் டேங்க் விளிம்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச். எந்த சிப் என்ன சொன்னாலும் தண்ணீர் அங்கே தொட்டால் மோட்டார் நிற்கும். பிக்கோவுக்குப் படம் காட்டும் வேலை மட்டும். வாட்ச்டாக்கும் போட்டாயிற்று, தகரப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து நிழலிலும் வைத்தாயிற்று.

திரையின் மூலையில் சிப்பின் வெப்பநிலையைச் சின்னதாகப் போட்டு வைத்திருக்கிறேன், எனக்காக. வாட்ச்மேன் அண்ணன் அது சென்னை வெயில் என்றே முடிவு செய்துவிட்டார். நேற்று பைக்கை எடுக்கும்போது கேட்டின் குறுக்கே வந்து நின்றார். "ஐம்பத்தொண்ணு சார் இன்னிக்கு. தொப்பி போட்டுட்டுப் போங்க."