லெட்சுமின்னா யாரு?

கிளினிக்கில் "லெட்சுமி, லெட்சுமி" என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. துணைக்கு வந்திருந்த அத்தை எழுந்துபோய் முன்னால் நின்றார். மிட்வைஃப் அம்மா அத்தையின் வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். வாங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

என் பெயர் லட்சுமி. கோத்தகிரியில் பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை லட்சுமிதான். கல்யாணம் முடிந்து இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் வந்த பதினான்கு மாதத்தில் லெட்சுமி ஆகிவிட்டேன். "மிஸ், லெ இல்ல, ல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "இங்க எல்லாருமே லெதாம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் சுருக்கென்றது.

இதில் அத்தைக்கும் அதே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளைக் கூப்பிட முடியுமா? அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு "இந்தியாப் புள்ள" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோத்தகிரியில் என் அப்பாயியைச் சாகும்வரை "சிலோன்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் லட்சுமிகளுக்குப் பெயரே தங்காது போலிருக்கிறது.

அப்பாயி இங்கே பிறந்தவர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டுத் தலைக்கணக்குப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்பாயி இந்தியாக் கணக்கில் விழுந்தார், அவர் தங்கச்சி இலங்கைக் கணக்கில். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோது யாரோ ஓர் அதிகாரி லெட்சுமியைத் திருத்தி லட்சுமி என்று எழுதினாராம். அப்பாயி அதைப் பெருமையாகச் சொல்வார். அந்தத் தங்கச்சியின் மகள்தான் அத்தை. முறை மாறாமல் அவர் மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். போன லெட்சுமிக்குப் பதில் ஒரு லட்சுமியைத் திருப்பி அனுப்பிய மாதிரி.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் இல்லாவிட்டால் எனக்குக் காலை விடிவதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் சாயம், அதாவது பாலில்லாத டீ, குடிக்கவும் தெரியும். என்ன, சாயத்தைக் கையில் எடுத்ததும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரி வர்க்கி ஞாபகத்துக்கு வரும். பாலூற்றிய டீயில் அதை முக்கினால் ஓரத்தில் மிதக்கும் நெய்... சரி, விடுங்கள்.

பெயர்க் கதைக்கே வருகிறேன், ஆற்றாமையில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். லக்ஷ்மி என்றால் முதலில் செல்வமே இல்லை. அடையாளம், குறி என்றுதான் பொருள். 'லட்சணம்' என்கிறோமே, அதுவும் அதே வேரில் வந்ததுதான். ரிக் வேதத்தில் இந்தச் சொல் அடையாளம் என்ற பொருளில்தான் வருகிறது. அதர்வ வேதத்தில் நல்ல லக்ஷ்மியோடு பாவி லக்ஷ்மியும் உண்டு, அவளைப் பறந்து போ என்று விரட்டுகிறார்கள். நம் வள்ளுவரும் விடவில்லை. பொறாமைக்காரனுக்குச் செய்யவள், அதாவது லட்சுமி, தன் அக்காள் தவ்வையை, நம் மூதேவியை, காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறார்.

தமிழில் ல என்ற எழுத்தே சொல்லுக்கு முதலில் வராது. முறைப்படி எழுதினால் இலக்குமி. பேச்சிலோ ரத்தம் ரெத்தம் ஆகும், லட்சம் லெட்சம் ஆகும். புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் இன்றைக்கும் லெட்சுமிதான். அங்கிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் நடந்து வந்தவர்கள் அந்த லெயையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். ஆக, நான் பிழை என்று சண்டை போட்டது என் பூட்டியின் வாய்ச்சொல்லோடு!

இன்னொன்றும் அகப்பட்டது. ஸ்ரீ என்றாலும் அவள்தான். 1972இல் சிலோன் என்ற பெயரை ஸ்ரீலங்கா என்று மாற்றி, நாட்டின் தலையிலேயே லட்சுமியை வைத்துவிட்டார்கள். ஆனால் தமிழில் எழுதும்போது வெறும் இலங்கைதான், ஸ்ரீ கழன்றுகொள்கிறது. 1948 சட்டத்தில் குடியுரிமை போன தோட்டத்து லெட்சுமிகளை நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் அத்தையிடம் ஒரு சாயங்காலம் அளந்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்து, காலில் கடித்த அட்டையைச் சுண்ணாம்பு வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டிருக்கான்" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. இங்கே பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. சொன்ன கிலோ வராவிட்டால் பாதிச் சம்பளம், அதாவது அரைப்பேர். அன்றைக்கு மழை. 18 கிலோவுக்கு 15தான் வந்ததாம். "லெ போட்டா என்னா, ல போட்டா என்னா, முழுசாப் போட்டாச் சரி" என்று காலை உதறினார்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் வீட்டுக்காரர் போனில் ஒரு பெயர்ப் பட்டியலே சேர்த்து வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் ஷ்-ஷா-ஷி. அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மேமலையில இருந்து கூப்பிட்டா கீழ கேக்குமா?"

நேற்று யாரும் இல்லாத நேரம் பின்வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கத்திப் பார்த்தேன். ஷ எல்லாம் பனிக்குள்ளேயே கரைந்துவிட்டது. கடைசியாக, சும்மாதான், "லெட்சுமீ..." என்று ஒரு இழுப்பு இழுத்தேன். எதிர் லயத்திலிருந்து ஒன்று, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து ஒன்று, மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒன்று என்று மூன்று குரல்: "என்னாடீ?"